முகத்துக்குத்தான் கொடுத்தேன்

ஒரு பெண்ணின் சிரிப்புக்கு மாதம் நாலாயிரம் ரூபாய் என்பது அதிகமும் இல்லை, குறைவும் இல்லை, மேடம். ஒடுகத்தூர் கடைவீதியில் அன்றைய நிலவரம் அதுதான். கூடவே மாதம் ஒரு டின் கடலை எண்ணெயும் கொடுத்தேன். அதற்கு நான் விலை போட்டதில்லை.

போன மாதம் இதே நாற்காலியில்தான் என்னை உட்காரவைத்தீர்கள். கல்லூரியின் உடற்கல்வித் துறைக்கும் நீங்கள்தான் தலைவர், விசாரணைக் குழுவுக்கும் நீங்கள்தான் தலைவர். ஆகையால் அன்றைக்கு எனக்கு டீ வரவில்லை. இன்று நானாகவே வந்திருப்பதால் வந்திருக்கிறது. நான் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொண்டால், இளவரசிக்கு இன்னொரு தேர்வு ஓட்டம் வைக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு எழுத முடியும் என்றீர்கள். தாராளமாக எழுதுங்கள். ஆனால் முதலிலிருந்து வருகிறேன். சரக்கைக் காட்டாமல் விலை சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

என் அப்பாவுக்குப் புளி மண்டி. ஜவ்வாது மலைப் புளி முக்கால்வாசி எங்கள் தராசில் ஏறித்தான் கீழ்நாட்டுக் குழம்புக்குப் போகும். மலையில் மரத்தைப் பூவிலேயே பேசி முடிப்பது வழக்கம். மரம் பூத்து நிற்கும்போது அடியில் போய் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். இது இத்தனை மூட்டை காய்க்கும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். அந்த வருடத்துக் காய்க்கு அன்றைக்கே பணம் கொடுத்துவிட வேண்டும். பிறகு காற்றடித்துப் பூவெல்லாம் உதிர்ந்தாலும் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கக் கூடாது. மரத்துக்காரரும், பேசி முடித்த மரத்திலிருந்து தன் வீட்டு ரசத்துக்குக்கூட ஒரு காய் பறிக்க மாட்டார். இந்த நாணயத்திலேதான் நான் வளர்ந்தேன். மண்டியை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நான் செக்கு வைத்துக் கடலை எண்ணெய்க்கு வந்தது பின்னால்.

ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் கருப்பன் என்று ஒருவர் இருக்கிறார். சாமை விதைக்கிறவர், நாலைந்து புளிய மரம் உண்டு, அந்த மரங்களை அப்பா காலத்திலிருந்து நாங்கள்தான் பேசி முடிப்போம். ஒரு வைகாசியில் அண்ணனுக்காக அவர் மரத்தடியில் நான் அண்ணாந்து நின்றபோது, மேட்டிலிருந்து ஒரு பெண் தலையில் விறகோடு ஓடி வந்தாள். நடந்து வரவில்லை, ஓடி வந்தாள். விறகை இறக்கிவிட்டு நின்ற பிறகும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் பூவைப் பார்ப்பதை விட்டேன்.

அவள்தான் இளவரசி. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளை உங்கள் கல்லூரிக்குக் கொண்டுவந்து விட்டவன் நான். விடுதிக்கு எண்ணெய் சப்ளை என்னுடையது என்பதால் உங்கள் தாளாளரிடம் ஒரு வார்த்தை பேசும் உரிமை எனக்கு இருந்தது. அதே வருடம் விடுதிக்கு வாங்குகிற எண்ணெய் இரண்டு மடங்கானது. பிள்ளைகளுக்குப் பசி அதிகமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முகத்துக்குப் பேசி முடித்தது சந்தையில். எங்கள் ஆட்கள் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு, துண்டுக்குள் விரலைப் பிடிப்போம். எத்தனை விரல் பிடிக்கிறோமோ அத்தனை. பக்கத்தில் நிற்கிறவனுக்கு இரண்டு பேர் கைகுலுக்குவதுபோல இருக்கும். என் எண்ணெய் டின்மேல் அவள் படம், அவள் ஓடி வருவதுபோல, கீழே ‘மலையேறும் தெம்பு’ என்று ஒரு வரி. அதற்கு நான் கருப்பன் கையில் நாலு விரல் பிடித்தேன். அவர் முகம் மலர்ந்த விதத்திலேயே தெரிந்தது, மனிதர் நானூறு என்று எண்ணிக்கொண்டார். நானும் ஒன்றும் சொல்லாமல்தான் இருந்திருப்பேன். இளவரசி பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

“நாலுன்னா இன்னா மொதலாளி? நூறா, ஆயிரமா?”

ஆயிரம்தான் என்றேன். கருப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ளக்கூட மறந்து நின்றார்.

“ஓடலன்னாலும் குடுப்பீங்களா?” என்றாள் அவள்.

“பூ உதிர்ந்தா குத்தகைப் பணத்தத் திருப்பிக் கேட்டவனா நானு? உங்கப்பாவக் கேளு,” என்றேன்.

நல்ல பதில்தானே, மேடம்? இன்றைக்கும் அதில் எனக்குக் குறை தெரியவில்லை.

அவள் ஓடினாள், மெடல் வாங்கினாள். டின் விற்றது. ஒவ்வொரு மெடலுக்கும் பிறகு நான் தொகையை ஏற்றினேன் என்பதை நீங்கள் குற்றமாகச் சொன்னீர்கள். மெடல் வாங்கிய முகத்துக்கும் வாங்காத முகத்துக்கும் கடைவீதியில் ஒரே விலையா? முகம் ஏறியது, நான் முகத்துக்கு ஏற்றினேன். ஒரு முறை அவள் நாலாவதாக வந்தபோது அந்த மாதம் கொஞ்சம் குறைத்தது உண்மை. அன்று முகம் வாடியிருந்தது, போட்டோ சரியாக விழவில்லை.

இப்படி ஒன்பதாயிரத்தில் வந்து நின்றபோது திருப்பத்தூரிலிருந்து விஜயராஜ் மலையேறினார். செருப்புக் கடை வைத்திருக்கிறவர், அங்கே ஒரு கல்லூரிக்கு வேண்டியவர். இளவரசி அந்தக் கல்லூரிக்கு மாறினால் அவள் படத்தைத் தன் கடைப் பைமேல் போட்டுப் பன்னிரண்டாயிரம் தருவதாகக் கருப்பனிடம் சொல்லியிருக்கிறார். அதையும் வாயால் சொல்லியிருக்கிறார், நடு வீதியில். வியாபாரம் தெரியாத மனிதர். அடுத்த சந்தைக்கே நான் போனேன். துண்டைப் போட்டேன். பன்னிரண்டுக்குச் சமமாக விரல் பிடித்தேன். பிடித்துவிட்டு அவருடைய சுண்டு விரலை ஒரு தடவை அழுத்தினேன். அந்த அழுத்தத்துக்கு, பெண் இந்தக் கல்லூரியிலேயேதான் இருக்க வேண்டும் என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அப்படி ஒரு பேச்சு நடந்ததா என்று நீங்கள் கேட்டபோது இல்லை என்றேன். பொய் இல்லை, மேடம். நாங்கள் பேசவே இல்லை.

விஜயராஜ் உங்களுக்குப் புகார் எழுதினார். விளம்பரம் என்பது சும்மா ஒரு போர்வை, உள்ளே நடப்பது ஓடுவதற்குக் கூலி. மாணவி கூலிக்கு ஓடக் கூடாது என்று விதி இருக்கிறது என்றார். என்னைக் கூப்பிட்டீர்கள். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நீங்கள் கேட்டதை நான் மறக்கவில்லை. அவள் ஓடாத ஒரு மாதத்துக்காவது நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்களா, பஞ்சாட்சரம்? நான் யோசித்துப் பார்த்தேன். அவள் ஓடாத மாதமே கிடையாது. அப்படி ஒரு மாதம் இருந்தால் முகத்துக்குத்தான் கொடுத்தீர்கள் என்று நம்பலாம் என்றீர்கள். தேர்வு ஓட்டம் முடிந்ததும் முடிவு சொல்வதாகச் சொல்லி அனுப்பினீர்கள்.

கேள்வி உங்களுடையது. இதை மட்டும் கொஞ்சம் தடித்த எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போய் யோசித்தேன். கூலிதான் என்று நீங்கள் முடிவு கட்டினால் அவள் வாங்கிய மெடலெல்லாம் போகும். என் டின் குப்பைக்குப் போகும். கிடங்கில் அவள் சிரிப்பு அச்சடித்த தகடு கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிறது. விடுதி சப்ளையும் நின்றுவிடும். இத்தனையையும் காப்பாற்ற ஒரே ஒரு மாதம் போதும். அவள் ஓடக் கூடாது, நான் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். புளிய மரமும் அப்படித்தான், மேடம். ஒரு வருடம் கொட்டிக் காய்க்கும், மறு வருடம் ஓய்ந்து நிற்கும். ஓய்ந்த மரத்தை யாரும் வெட்டுவதில்லை. அடுத்த வருடம் இரண்டு மடங்காகக் காய்க்கும் என்று காத்திருப்போம். இளவரசிக்கும் ஒரு ஓய்வு கொடுப்பதில் என்ன தப்பு என்று தோன்றியது.

அது அவளுக்குக் கடைசி வருடம் என்பது எனக்குத் தெரியும். தேர்வு ஓட்டத்தில் முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்களுக்குத்தான் பல்கலைக்கழக அணியில் இடம், அங்கே ஓடினால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போட முடியும் என்பதையும் அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். மரத்துக்கு அடுத்த வருடம் உண்டு. அவளுக்கு இல்லை. அதை அன்றைக்குக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தேன்.

ஓட்டத்துக்கு முன்பு அவள் ஊர்த் திருவிழாவுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். விடியற்காலை பஸ்ஸில் வராதே, கூட்டமாக இருக்கும், நின்றுகொண்டே வந்தால் கால் வலிக்கும், நான் சரக்கெடுக்க மேலே வருகிறேன், என் குட்டியானை வண்டியிலேயே கொண்டுபோய்த் திருப்பத்தூர் மைதானத்தில் இறக்கிவிடுகிறேன் என்று சொல்லியனுப்பினேன். கருப்பன் போனில் எனக்கு நன்றி சொன்னார். அவள் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் ஆசைதான், ஆனால் வண்டியில் முன்னால் ஒருவருக்குத்தான் இடம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வண்டி வாங்கிய நாளிலிருந்தே டீசல் அளவு காட்டும் முள் பாதியில் நிற்கும். எவ்வளவு ஊற்றினால் எந்த வளைவு வரைக்கும் போகும் என்பது எனக்குத்தான் தெரியும். அவள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால், வழியில் நிறுத்தி, தொட்டியிலிருந்து டீசலை எடுத்தேன். மலைப்பாதையில் பாதி தூரத்துக்கு மட்டும் விட்டுவைத்தேன். அந்த இடத்தில் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது, பஸ்ஸும் போயாகிவிட்டது. எடுத்த டீசலை மண்ணில் கொட்டியிருக்க வேண்டும். அது இன்று எனக்குப் புரிகிறது. ஆனால் பன்னிரண்டு லிட்டர், மேடம். இன்றைய விலையில். கை வரவில்லை. பின்னால் ஒரு காலி எண்ணெய் டின் இருந்தது. அதில் ஊற்றி மூடி, மற்ற டின்களோடு வைத்துவிட்டேன்.

நான் கணக்குப் போட்ட வளைவுக்கு ஒரு வளைவு முன்னாலேயே வண்டி இருமி நின்றது.

“இன்னா மொதலாளி, உங்க வண்டிக்கு மூச்சு வாங்குது?” என்றாள்.

இறங்கி, இருக்கையைத் தூக்கிவிட்டு, அது இது என்று தட்டிப் பார்த்தேன். தலையை ஆட்டினேன். சோகமாக முகத்தை வைத்துக்கொள்வது கஷ்டமாக இல்லை, வியாபாரத்தில் அது தினசரி வேலை. அவள் பாதையின் ஓரத்தில் போய் நின்று கீழே பார்த்தாள். பாதை சுருண்டு சுருண்டு இறங்கிக்கொண்டிருந்தது. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்காக ஒரு பன் வாங்கி வைத்திருந்தேன்.

“கீழ ஊரு எவ்ளோ தூரம் கீது?”

“பதினோரு கிலோமீட்டர் இருக்கும்மா.”

“அவ்ளோதானா? அங்க ஷேர் ஆட்டோ கெடைக்கும். போய்ட்டு ஓடிட்டு வர்றேன் மொதலாளி. நீங்க வண்டியப் பாருங்க.”

ஓட்டத்துக்கான ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஓடினாள். எத்தனையோ கணக்குப் போட்ட மனிதன், ஓடுகிற பெண்ணை வழியில் இறக்கிவிட்டால் ஓடுவாள் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் வளைவில் திரும்பும்போது எனக்குக் கை காட்டினாள். நானும் காட்டினேன்.

அவள் மறைந்ததும் டீசலைத் திரும்ப ஊற்றினேன். வண்டி கிளம்பவில்லை. டீசல் குழாயில் காற்று அடைத்துக்கொண்டது. நாடகத்துக்காக நின்ற வண்டி நிஜமாகவே நின்றது. மேலே வந்த பஸ் டிரைவர் நிறுத்தி, “எண்ணக்காரரே, கடலெண்ண ஊத்தி ஓட்னியா?” என்று கேட்டுவிட்டு, பஸ்ஸில் இருந்தவர்களையும் சிரிக்கவிட்டு, இறங்கி வந்து காற்றை எடுத்துக் கொடுத்தார். மைதானத்துக்கு நான் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அங்கே நடந்தது எனக்கு நீங்கள் சொல்லித்தான் தெரியும். பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து சேர்ந்தாள், தண்ணீர்கூடக் குடிக்காமல் கோட்டில் போய் நின்றாள், கடைசிச் சுற்று வரைக்கும் இரண்டாவதாக வந்தாள். மலையிறக்கத்தில் ஓடிய தொடை கடைசித் திருப்பத்தில் இழுத்துக்கொண்டது. மூன்றாவது. அவளுக்கும் இரண்டாவதாக வந்த பெண்ணுக்கும் நடுவே ஒரு கை நீட்டுகிற தூரம் என்றீர்கள்.

என் நிலைமையையும் பாருங்கள். ஓடாமல் இருந்திருந்தால் எனக்குச் சாட்சி கிடைத்திருக்கும். ஜெயித்திருந்தால் டின் விற்றிருக்கும். அவள் ஓடவும் ஓடிவிட்டாள், ஜெயிக்கவும் இல்லை. இரண்டு பக்கமும் நஷ்டம் எனக்கு.

திரும்பும்போது காலை மடக்கி முன்னால் உட்கார முடியவில்லை அவளுக்கு. பின்னால் சாக்கை விரித்து, டின்கள்மேல் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். மலையடிவாரத்தில் டீக்கு நிறுத்தினேன். டம்ளரோடு பின்பக்கம் போனேன். அவள் ஒரு டின்னை மடியில் வைத்து அதன் தகட்டை முகர்ந்துகொண்டிருந்தாள்.

“மொதலாளி, எம் மூஞ்சில டீசல் நாத்தம் வருது.”

ஸ்பேர் வைத்திருந்தேன் என்றேன். வாயில் முதலில் வந்தது அதுதான். இத்தனை வருட வியாபாரத்தில் இவ்வளவு மோசமான ஒரு பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை.

“ஸ்பேர் இருந்துச்சுன்னா அங்கியே ஊத்தியிருக்கலாமே,” என்றாள். கோபமே இல்லை. கணக்குக் கேட்கிற குரல். அவளுக்கு எல்லாம் விளங்கிக்கொண்டு வருவதை டம்ளரைப் பிடித்தபடி நான் பார்த்துக்கொண்டு நின்றேன். டீ ஆறிப்போயிற்று.

எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். டம்ளரை வைத்துவிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்து என் இரண்டு கைமேலும் போட்டு, அவள் பக்கம் நீட்டினேன். பத்து விரலையும் விரித்து வைத்திருந்தேன், மேடம். நூறா ஆயிரமா என்று அவள் கேட்டிருந்தால் அவள் சொன்னதுதான். என் வாழ்க்கையில் யாருக்கும் அப்படி நீட்டியதில்லை.

“துண்ட எடுங்க,” என்றாள். “இன்னாத்துக்குன்னு வாயால சொல்லுங்க.”

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன். அவள்தான் சொன்னாள்.

“இவ்ளோ நாளு மூஞ்சிக்குக் குடுத்தீங்க, வாங்கிக்கினேன். மூஞ்சி என்னுது. இந்த மாசத்துதும் குடுங்க, வாங்கிக்கிறேன். மல எறங்கி ஓடினேன் பாருங்க, அதுக்குத் தனியா கூலி கேக்கறேன். பணம் வேணா. டீசல எடுத்தது யாருன்னு மேடங்கிட்டப் போயி நீங்களே சொல்லணும். அதான் கூலி.”

பேரம் பேசிப் பார்த்தேன். கருப்பனிடம் மட்டும் சொல்கிறேன் என்றேன். மேற்கொண்டு வருடக் கடைசி வரைக்கும் பணம் என்றேன். பெரிய டின் என்றேன். அவள் டின்னிலிருந்த தன் முகத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. விலையில் இறங்கி வராத ஒரு ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மலை மரத்தைப் பேசி முடிக்கப் பழகினவனுக்கு, மரமே விலை சொன்னால் என்ன செய்வதென்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஒடுகத்தூர் எண்ணெய்க் கடை பஞ்சாட்சரமாகிய நான், தேர்வு ஓட்டத்தன்று காலை என் வண்டியிலிருந்து டீசலை நானே எடுத்தேன். இளவரசி மைதானத்துக்குப் போய்ச் சேரக் கூடாது என்றுதான் எடுத்தேன். வண்டிக்கு வேறு பழுது எதுவும் இல்லை. அவளுக்கோ அவள் அப்பாவுக்கோ அன்றைக்கு இது தெரியாது. அந்த ஓட்டத்தில் அவள் மூன்றாவதாக வந்ததற்கு அவளுடைய கால் காரணமில்லை, நான்தான் காரணம். இவ்வளவு இருந்தால் பல்கலைக்கழகம் ஒத்துக்கொள்ளும் என்றீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள், அன்றோடு அணிப் பட்டியல் முடிகிறதாம். அவள்தான் சொன்னாள்.

கணக்கை மட்டும் முடித்துவிட்டுக் கிளம்புகிறேன். இந்த மாதத்து முகப் பணம், பன்னிரண்டாயிரம், கொடுத்தாயிற்று. தோற்ற மாதத்துக்கும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஷேர் ஆட்டோவுக்கு அவள் கொடுத்த அறுபது ரூபாய், திருப்பிக் கொடுத்தாயிற்று. டீசலில் வழியில் சிந்தியது அரை லிட்டர், அது என் நஷ்டம். மலையிறங்கி ஓடிய பதினோரு கிலோமீட்டருக்கு அவள் கேட்டது, இப்போது உங்கள் மேசைமேல் இருக்கிற இந்தக் காகிதம். அதையும் கொடுத்தாயிற்று. ஆனால் மேடம், தயவுசெய்து அதைக் கூலி என்ற தலைப்பில் போட்டுவிடாதீர்கள். ஓடுவதற்கு நான் யாருக்கும் ஒரு நாளும் கூலி கொடுத்தவனில்லை. விளம்பரச் செலவு என்று போடுங்கள்.

கணக்கு நேர்.